ரெபெக்காவுக்காகப் பேசியவர்கள்



இந்த மாதம் உங்களுக்கு ஒரு நாவலைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நாவலைவிட, அதைக் கேட்ட பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதையே அதிகம் சொல்லப் போகிறேன். அவர்களுக்குக் கதை சொன்னபோது நான் ஒரு பொய்யும் சொன்னேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்கள் எல்ல ஒரு சின்ன ஊர். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கவும் எல்லப் பாறையில் ஏறவும் வருகிற வெளிநாட்டவர்களுக்காகக் கடைத்தெரு முழுவதும் இப்போது தங்கும் விடுதிகள். அவர்கள் வாசித்து முடித்த புத்தகங்களைச் சுமை என்று அறையிலேயே விட்டுவிட்டுப் போவதுண்டு. விடுதி ஒன்றில் அறை துப்புரவு செய்யும் பெண் என்னிடம் படித்த பிள்ளை. அப்படிக் கிடைக்கும் புத்தகங்களை எனக்குக் கொண்டுவந்து தருவாள். சென்ற ஐப்பசி மழையில் அவள் கொண்டுவந்தது, அட்டை கிழிந்த ஓர் ஆங்கில நாவல். பெயர் ‘ரெபெக்கா’. எழுதியவர் டெப்னி டு மோரியே என்ற இங்கிலாந்துப் பெண்மணி.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நாங்கள் பதினொரு பெண்கள் கூடுவோம். யாராவது ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். வாசிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். கதை கேட்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லையே! இந்த முறை புத்தகம் ஆங்கிலம் என்பதால், நான் வீட்டில் வாசித்துவிட்டு வந்து தமிழில் கதையாகச் சொன்னேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

காதலும் மர்மமும் கலந்த கதை நமக்குப் புதியதல்ல. வீரகேசரியின் ஆசிரியராக இருந்த கே.வி.எஸ். வாஸ், ‘ரஜனி’ என்ற புனைபெயரில் ‘குந்தளப் பிரேமா’ போன்ற தொடர்கதைகளை எழுதியபோது, அடுத்த பகுதிக்காக நம் பாட்டிமார் காத்திருந்தார்கள். பிறகு இந்தியாவிலிருந்து ராணிமுத்து வந்தது. ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதைகளும் ரமணிசந்திரனின் காதல் கதைகளும் அட்டை கழன்று, பக்கம் மடிந்து, ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஆகவே, “இதுவும் அந்த மாதிரிக் கதைதான்” என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிறு

கதையைச் சொல்பவள் இருபது வயதைச் சற்றுத் தாண்டிய ஒரு பெண். தாய் தகப்பன் இல்லை. ஒரு பணக்கார அம்மாவுக்குச் சம்பளத்துக்குத் துணையாளாக இருக்கிறாள். மொன்டே கார்லோ என்ற கடற்கரை நகரத்து விடுதியில், மெக்சிம் டி வின்டர் என்ற பெரிய மனிதரைச் சந்திக்கிறாள். நாற்பதைத் தாண்டியவர். மனைவி ரெபெக்கா ஒரு வருடத்துக்கு முன்பு படகு கவிழ்ந்து இறந்துவிட்டாள். சில வாரங்களிலேயே அவர் இந்தப் பெண்ணை மணந்து, மாண்டர்லி என்ற தன் மாளிகைக்கு அழைத்துப் போகிறார்.

இந்த நாவலில் ஒரு விசேஷம் உண்டு. கதை சொல்லும் பெண்ணின் பெயர் கடைசிப் பக்கம் வரை நமக்குத் தெரியாது. இறந்துபோன ரெபெக்காவின் பெயரோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

இதைச் சொன்னதும், முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் சிரித்தார்.

“அப்ப அந்தப் புள்ளைக்குப் பேரே போடலியா?”

எங்கள் தோட்டங்களில் பேர் என்றால் ஒருநாள் வேலைக்கான சம்பளப் பதிவு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாட்டி விடவில்லை.

“சிரிக்காதீங்க. பேரு போடாம வேல வாங்குற எடத்துல நாம இருந்ததில்லியா? அந்தப் புள்ள அந்தப் பெரிய வீட்டுல என்ன பாடுபடப் போகுதோ!”

படித்தவர்கள் இந்த நாவலைப் பற்றி எழுதிய எத்தனையோ கட்டுரைகள் அந்தப் பெயரில்லாமையைப் பற்றிப் பேசுகின்றன. பாட்டிக்கு அது ஒரு வசனத்தில் முடிந்துவிட்டது.

இரண்டாம் ஞாயிறு

மாண்டர்லி மாளிகையில் புது மனைவியை வரவேற்பவர், வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ். கறுப்பு உடை, வெளிறிய முகம். ரெபெக்காவைச் சிறுபிள்ளை முதல் பார்த்துக்கொண்டவர். ரெபெக்கா திருமணமாகி வந்தபோது கூடவே வந்தவர். இறந்தவளின் அறையை அப்படியே வைத்திருக்கிறார். படுக்கை விரிப்பு, தலைவாரும் தூரிகை, இரவு உடை எதுவும் இடம் மாறவில்லை. புது மனைவி எதைச் செய்தாலும், “முந்திய அம்மா இப்படிச் செய்ய மாட்டார்” என்ற பார்வை.

இந்த மாளிகையை நான் விவரித்துச் சொல்லத் தேவைப்படவில்லை. மலையுச்சியில் பெரிய துரை பங்களாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முன்வாசல் எது, நாம் போகும் பின்வாசல் எது, எந்த மணி அடித்தால் யார் ஓட வேண்டும் என்பதெல்லாம் தெரியும். இளமையில் அப்படி ஒரு பங்களாவில் ஆயாவாக வேலை பார்த்த அம்மா ஒருவரும் எங்களோடு இருக்கிறார். அவர் பேசியது அந்தப் பீங்கான் பொம்மை உடைந்த இடத்தில்தான்.

புது மனைவி தவறுதலாக ஒரு விலையுயர்ந்த பீங்கான் பொம்மையை உடைத்துவிடுகிறாள். அந்த வீட்டின் எஜமானியே அவள்தான். ஆனாலும் பயந்துபோய், துண்டுகளை மேசை இழுப்பறைக்குள் ஒளித்துவைக்கிறாள். பொம்மையைக் காணவில்லை என்றதும் பழி ரொபர்ட் என்ற வேலைக்காரன் மீது விழுகிறது. பிறகுதான் அவள் உண்மையைச் சொல்கிறாள். வாசிக்கும்போது நானும் அந்தப் பெண்ணின் கூச்சத்தை நினைத்து இரக்கப்பட்டேன்.

ஆயாம்மா இரக்கப்படவில்லை.

“அந்த வேலக்காரப் பையன் என்ன ஆனான்? அத சொல்லுங்க டீச்சர்.”

“உண்மை தெரிந்ததும் அவன் மேலிருந்த பழி போய்விட்டது” என்றேன்.

“பழி போயிருக்கும். அவன் மனசு? ஒரு கரண்டி காணாமப் போனாலும் மொதல்ல எங்க பெட்டியத்தான் தெறந்து பாப்பாங்க. கெடச்சதுக்கு அப்புறம் ஒருத்தரும் மன்னிச்சுக்கன்னு சொன்னதில்ல.”

புத்தகத்தில் அந்தப் பகுதியில் ரொபர்ட்டின் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அவர் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவில்லை.

குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த தங்கை ஒருவர் டான்வர்ஸின் பக்கம் பேசினார்.

“எல்லாரும் அவளப் பேய்னு சொல்றீங்க. நான் வளர்த்த புள்ள, நான் வரும்போது ஏர்போட்டு வரைக்கும் வந்து அழுதுச்சு. இன்னைக்கு அது செத்துப்போச்சுன்னு சேதி வந்தா, அது சட்டையத் தூக்கிப் போட எனக்கு மனசு வருமா? டான்வர்ஸுக்கு வேற யாரு இருக்கா?”

“அதுக்காகப் புதுசா வந்தவளக் கொடுமைப்படுத்தலாமா?” என்றார் முன்பள்ளி ஆசிரியை. அவருக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் எல்லோரிலும் இளையவர். மெக்சிமை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

“கூடாதுதான். நான் அவ செஞ்சது சரின்னு சொல்லல. அவளுக்கு வலின்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றேன்.”

மூன்றாம் ஞாயிறு

மாண்டர்லியில் மாறுவேட விருந்து. டான்வர்ஸ் நல்லவர்போல் பேசி, சுவரில் தொங்கும் ஒரு பழைய ஓவியத்தில் உள்ள உடையைப் போலத் தைத்துப் போடும்படி சொல்கிறார். புது மனைவி அதை அணிந்துகொண்டு சந்தோஷமாகப் படியிறங்கி வருகிறாள். கணவரின் முகம் இருண்டுபோகிறது. இறந்துபோன ரெபெக்கா கடைசியாக நடந்த விருந்தில் அணிந்ததும் அதே உடைதான்! மறுநாள், ஜன்னலருகே நிற்கும் புது மனைவியிடம், “குதித்துவிடு, உனக்கு இங்கே இடமில்லை” என்று டான்வர்ஸ் மெல்லிய குரலில் தூண்டுகிறார்.

இந்த இடத்தில் பிள்ளைக்காம்பராவில் ஒரு சத்தமும் இல்லை. மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

எங்களில் ஒருவர் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர். அவர் மெதுவாகச் சொன்னார்.

“எங்க வீட்டுல டான்வர்ஸ் கிடையாதுங்க. ஆனா மூத்தவ வச்ச ரசம் மாதிரி இல்லைன்னு ஆறு வருஷமா கேட்டிருக்கேன். செத்தவங்களோட போட்டி போட முடியாது டீச்சர். அவங்க தப்பே செய்ய மாட்டாங்க.”

இந்த நாவலின் நாடியை அவர் பிடித்துவிட்டார் என்று சொல்வேன். 1938 ஓகஸ்டில் கொலண்ட்ஸ் பதிப்பகம் இதை வெளியிட்டபோது காதல் கதை என்றே விளம்பரம் செய்தது. எழுதியவரோ, இது பொறாமையைப் பற்றிய கதை என்றார். அவருக்கு அந்தப் பொறாமை சொந்த அனுபவம். அவருடைய கணவருக்கு அதற்கு முன்பு வேறொரு பெண்ணோடு திருமண நிச்சயம் நடந்திருந்தது. அந்தப் பெண் எழுதிய பழைய கடிதங்களை டு மோரியே பார்க்க நேர்ந்தது. 1937 இல் கணவரின் இராணுவப் பணி காரணமாக எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தபோது, இங்கிலாந்தின் கோர்ன்வோல் கடற்கரையை நினைத்து ஏங்கியபடி இந்த நாவலைத் தொடங்கினார். அங்கே மெனபிலி என்ற ஒரு பழைய வீட்டின் மீது அவருக்குத் தீராத ஆசை. மாண்டர்லிக்கு அதுவும் ஒரு மாதிரி. நாவல் தந்த புகழுக்குப் பிறகு, 1943 இல் அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்துக் குடியேறினார்.

நான்காம் ஞாயிறு

இனி என் பொய்க்கு வருகிறேன்.

விருந்துக்கு அடுத்த நாள் கடலில் ஒரு கப்பல் தரை தட்டுகிறது. அதைப் பார்க்க இறங்கிய சுழியோடி, அடியில் ரெபெக்காவின் படகைக் காண்கிறான். உள்ளே ஒரு சடலம். அப்படியானால், முன்பு கரையொதுங்கிய யாரோ ஒரு பெண்ணின் உடலை என் மனைவி என்று மெக்சிம் அடையாளம் காட்டியது ஏன்? அன்று அவர் புது மனைவியிடம் உண்மையைச் சொல்கிறார். ரெபெக்காவை அவர் ஒருநாளும் நேசிக்கவில்லை. அவளுக்கு வேறு ஆண்களோடு உறவு இருந்தது. வேறொருவரின் பிள்ளை வயிற்றில் இருப்பதாகவும், அதுவே நாளை இந்த மாளிகைக்கு வாரிசாகும் என்றும் சொல்லிச் சீண்டினாள். அவர் துப்பாக்கியால் சுட்டார். உடலைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தார்.

நாவலில் இருப்பது இது. நான் சொன்னது வேறு. “வாய்த் தர்க்கத்தில் ரெபெக்கா கால் தடுக்கி விழுந்து, தலை அடிபட்டு இறந்துவிட்டாள்” என்றேன்.

இது நானாகக் கட்டியதல்ல. 1940 இல் அல்பிரட் ஹிட்ச்கொக் இதைப் படமாக எடுத்தபோது கதையை இப்படித்தான் மாற்றினார்கள். அக்காலத்து ஹொலிவூட் தணிக்கை விதிப்படி, கொலை செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. மெக்சிமைத் தப்பவைக்க வேண்டுமானால் கொலையை விபத்தாக்க வேண்டும். அப்படியே ஆக்கினார்கள். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது.

நான் ஏன் மாற்றினேன்? ஒரு காரணம், முன்பள்ளி ஆசிரியை உட்படப் பலருக்கு மெக்சிமைப் பிடித்திருந்தது. அவர்கள் மனதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். இன்னொரு காரணம், அன்று எனக்கு நேர் எதிரே ஒரு பெண் நெற்றியில் பிளாஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களிடம், பீலிக்கரையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். அவருடைய வீட்டில் என்ன நடக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கணவன் மனைவியைக் கொல்லும் கதையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.)

கதையை முடித்துவிட்டு எழுந்தேன். கொழுந்துப் பாட்டி விடவில்லை.

“டீச்சர், ஒரு சந்தேகம். தானா விழுந்து செத்தவள எதுக்குப் படகுல வச்சு முக்கணும்? ஆளக் கூப்பிட்டு, இப்பிடி ஆகிப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே?”

“யாரும் நம்ப மாட்டார்கள் என்று பயந்தார்” என்றேன்.

“ஏன் நம்ப மாட்டாங்க? பெரிய துரை சொன்னா நம்ப மாட்டாங்களா? இதுல என்னமோ இருக்கு.”

படம் பார்க்கும்போது எனக்குத் தோன்றாத கேள்வி இது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் ஞாயிறு

முதல் வேலையாக, “போன கிழமை நான் சொன்னது புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் அவர் சுட்டுத்தான் கொல்கிறார்” என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நினைவில் உள்ளதை எழுதுகிறேன்.

முன்பள்ளி ஆசிரியை: “அவர் செஞ்சது தப்புத்தான். ஆனா அவளும் லேசுப்பட்டவ இல்லியே? இன்னொருத்தன் புள்ளய உன் தலையில கட்டுறேன்னு சொன்னா எந்த ஆம்பளைக்குக் கோவம் வராது?”

குவைத் தங்கை: “கோவம் வரட்டும். கோட்டுக்குப் போய்த் தீத்துக்கிட்டுப் போகட்டும். அவ்வளவு சொத்து வச்சிருக்கவருக்கு ஒரு லோயர் கெடைக்க மாட்டாரா? குடும்ப மானம் போயிருமேன்னுதான் சுட்டாரு.”

ஆயாம்மா: “ரெபெக்கா கெட்டவன்னு யாரு சொன்னா? துரைதானே சொன்னாரு? செத்தவ வந்து அவ பக்கத்து ஞாயத்தச் சொன்னாளா?”

நியாயமாகச் சொன்னால், ரெபெக்காவைப் பற்றி மெக்சிம் மட்டும் சொல்லவில்லை. கடற்கரையில் திரியும் பென் என்ற அப்பாவி மனிதன் அவளை நினைத்தே பயப்படுகிறான். அவளுடைய உறவினன் ஃபேவல், தனக்கும் அவளுக்கும் தொடர்பு இருந்ததை மறைக்கவும் இல்லை. ஆகவே அவள் உத்தமி என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஆயாம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. நானூறு பக்க நாவலில், கொலை நடந்த இரவைப் பற்றி நமக்குச் சொல்பவர் கொலை செய்தவர் ஒருவர்தான்.

இரண்டாம் தாரமான தோழி: “அந்தப் புதுப் பொண்டாட்டி என்ன சொன்னா? பயந்து ஓடலியா?”

ஓடவில்லை. அவளுக்கு நிம்மதி! தன் கணவர் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை என்பது மட்டும்தான் அவள் காதில் விழுகிறது. ஒரு பெண் கொல்லப்பட்டாள் என்பது அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் பயந்தவள் அல்ல. கணவரைக் காப்பாற்ற உறுதியோடு நிற்கிறாள்.

“பாவி” என்றார் தோழி. “ஆனா எனக்குப் புரியுது. நானும் அப்பிடித்தான் சந்தோஷப்பட்டிருப்பேன். அதான் பயமா இருக்கு.”

மிச்சக் கதையையும் சொன்னேன். மரண விசாரணையில், ரெபெக்கா தானே படகை மூழ்கடித்துத் தற்கொலை செய்தாள் என்று தீர்ப்பாகிறது. ஃபேவல் ஏற்க மறுக்கிறான். கடைசியில் இலண்டனில் ஒரு வைத்தியர், அவளுக்குத் தீராத புற்றுநோய் இருந்தது என்றும் அவளால் பிள்ளை பெறவே முடியாது என்றும் சொல்கிறார். சாகத் தீர்மானித்த அவள், பொய் சொல்லிச் சீண்டித் தன்னைக் கொல்லவைத்தாள் என்று மெக்சிம் நினைக்கிறார். ஆக, தான் கொல்லப்பட்டதற்கும் அவளே காரணம் என்றாகிவிடுகிறது! அவர் தண்டனையின்றித் தப்புகிறார். வீடு திரும்பும் வழியில் வானம் சிவந்து தெரிகிறது. மாண்டர்லி எரிகிறது.

“பங்களாவுக்குத் தண்டன, துரைக்கு இல்ல” என்றார் பாட்டி. பிறகு ராவணன் குகைப் பக்கம் கையைக் காட்டினார். “சீதையக்கூட அங்கதான் வச்சிருந்தாங்கன்னு சொல்றோம். தப்பே செய்யாத அவளே நெருப்புல எறங்க வேண்டியதாச்சு. ரெபெக்கா மாதிரி ஒருத்திக்காக யாரு பேசப் போறா?”

அப்போதுதான் நெற்றியில் காயத்தோடிருந்த பெண் பேசினார். ஐந்து ஞாயிறுகளில் அவர் பேசியது அந்த ஒரு முறைதான்.

“டீச்சர், நீங்க போன கெழம கதய மாத்துனது எனக்காகன்னு தெரியும். ஆனா விழுந்துட்டேன்னு நானும்தான் எல்லாருகிட்டயும் சொல்றேன். ஒருநாள் அந்த ஆளு கொஞ்சம் பலமாத் தள்ளியிருந்தா, விழுந்து செத்துட்டான்னு கத முடிஞ்சிருக்கும். நீங்களும் அப்பிடியேதான் சொல்லியிருப்பீங்க.”

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. குவைத் தங்கை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தோழியரே, நான் இருபத்தெட்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகளின் தாய்மார் வீங்கிய கண்ணோடு வந்து, “விழுந்துட்டேன் டீச்சர்” என்றபோதெல்லாம், “பார்த்து நடங்க” என்றுதான் சொல்லியிருக்கிறேன். மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னேன். ஹொலிவூட்காரர்கள் கதாநாயகனைக் காப்பாற்ற மாற்றிய அதே வசனத்தைத்தான் நானும் இத்தனை காலம் மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

‘ரெபெக்கா’ நல்ல நாவலா என்று கேட்டால், நல்ல நாவல் என்றே சொல்வேன். 2003 இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மக்களிடம் பிடித்த நாவல்களைக் கேட்டபோது, இது 14 ஆவது இடத்தில் வந்தது. வெளிவந்த நாளிலிருந்து இது அச்சில் இல்லாமல் போனதே இல்லை. அதன் திறமை, ஒரு கொலைகாரர் தப்ப வேண்டும் என்று நம்மையே வேண்டவைப்பதில் இருக்கிறது. வாசித்தபோது நானும் வேண்டினேன். அந்த மயக்கம் தெளிய எனக்குப் பத்துப் பெண்கள் தேவைப்பட்டார்கள். காதல் மர்மக் கதைகளை வாசிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வாசியுங்கள். வாசித்து முடித்ததும், இதில் யார் பேசவில்லை என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். “அவளும் லேசுப்பட்டவ இல்ல” என்ற வசனம் கதையில் வந்தாலும் லயத்தில் வந்தாலும், அது யாரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படுகிறது என்றும் கேளுங்கள்.

இனி, தெரிந்துகொள்ள வேண்டிய சில விடயங்கள். நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி உதை மட்டுமல்ல, கடுமையான மன வதையும் அதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். விசாரணை முடியும்வரை 14 நாட்களுக்கு மேற்படாத இடைக்காலக் கட்டளையும், பிறகு 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளையும் பெற முடியும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போகலாம். மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. இந்த நாவல் வெளிவந்த வருடமும் அதுவே. இலக்கத்தை மறக்காமலிருக்க எங்கள் பெண்கள் இப்போது அதை “ரெபெக்கா நம்பர்” என்கிறார்கள்.

அடுத்த கிழமை அந்தப் பெண்ணும் குவைத் தங்கையும் ஒன்றாக பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் போய்வந்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

முன்பள்ளி ஆசிரியைக்கு இன்னும் மெக்சிம் மீது கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. “இரக்கப்படக் கூடாதா டீச்சர்?” என்று கேட்டார். படலாம் என்றேன். ரொபர்ட்டுக்கும் டான்வர்ஸுக்கும் ரெபெக்காவுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? புது மனைவி உண்மை தெரிந்த பிறகும் கணவரோடு நின்றது சரியா? நான் கதையை மாற்றிச் சொன்னதை நீங்கள் மன்னிப்பீர்களா? ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அடுத்த மாதம் உங்கள் குரல்களோடு சந்திப்போம்.